திங்கட்கிழமை என்றே சொன்ன வானொலி

வைகாஹு ஊரில் யாராவது ஹெனி கராகாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், அங்கே ஏதோ ஒன்று வேலை செய்யவில்லை என்று அர்த்தம். பால் வாங்கக் கடைக்குப் போனால் கல்லாவில் இருப்பவள் பிரிண்டரைக் காட்டுவாள். ரக்பி பார்க்கப் போனால் பக்கத்தில் நிற்பவர் போனை நீட்டுவார். சௌக்கியமா என்று கேட்பவர்கள் குறைவு. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. கையில் இருப்பதை வாங்கிப் பார்த்துவிட்டு, "நீ என்ன செஞ்சே?" என்று கேட்பாள். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "ஒண்ணும் செய்யலையே."

பத்தொன்பது வருடம் அவள் ஆட்டுக் கொட்டகைகளில் வேலை செய்தவள். ஆண்கள் ரோமம் கத்தரித்துத் தள்ளத் தள்ள, விழுவதை வாரி மேசைமேல் வீசி விரித்து, அழுக்கு ஓரங்களைப் பிய்த்துத் தரம் பிரிக்க வேண்டும். முப்பத்தெட்டாவது வயதில் இடுப்பு எலும்பு இனி முடியாது என்று சொல்லிவிட்டது. கிஸ்பர்ன் நகரத்தில் ஆறு மாதக் கணினி வகுப்பில் சேர்ந்தாள். அங்கே ஒருவர் தூக்கியெறிந்த பழைய கணினியில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுக் காட்டியபோது, காசு கேட்காத, உள்ளே பிரித்துப் பார்க்க விடுகிற ஒரு பொருள் உலகத்தில் இருக்கிறதா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அன்றிலிருந்து அதுதான் அவள் பிழைப்பு.

இந்தக் கதை நடந்தபோது அவளுக்கு நாற்பத்தாறு வயது. வாரத்தில் மூன்று நாள் வைகாஹு வானொலியில் வேலை. அந்த மண்ணின் பூர்வகுடிகளுடைய மவோரி மொழியில் பேசுகிற சின்ன நிலையம், பழைய தபால் நிலையக் கட்டடத்தில் நான்கு அறைகள். ஒலிபரப்பு அறையில் ஒரு விண்டோஸ் கணினி இருந்தது. வார இறுதி நிகழ்ச்சிகளைச் செய்யும் பராயிரே என்பவனிடம் ஒரு மேக் கணினி. பாட்டு, பேட்டி, விளம்பரம் என்று எல்லாம் ஏப்ரல் மாதம்வரை அந்த மேக்கில் செருகிய வட்டு ஒன்றில் கிடந்தன. அது ஒருநாள் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்ததும், ஹெனி பயந்துபோய் நகராட்சி கழித்துப் போட்ட ஒரு கணினியை வாங்கிவந்து லினக்ஸ் ஏற்றி, சர்வராக்கி, எல்லாவற்றையும் அதற்கு மாற்றினாள். மூன்று விதக் கணினிகளும் ஒரே இடத்தில் கோப்புகளை எடுக்கவும் வைக்கவும் சாம்பா என்ற நிரலைப் போட்டாள். அதுவும் இலவசம்தான், கடலுக்கு அந்தப் பக்கம் கான்பெராவில் பிறந்தது. அந்தப் பெயரை அவள் சொல்லும்போதெல்லாம் பராயிரே சாம்பா நடனம் போல இடுப்பை ஆட்டிக் காட்டுவான்.

நிலையத்தின் தலைவி மக்காரெட்டா. காலை ஆறிலிருந்து ஒன்பதுவரை அவர் குரல்தான் ஊரையே எழுப்பும். அறுபத்தொரு வயது. மொழி விஷயத்தில் ஒரு புள்ளி பிசகினாலும் விடமாட்டார். மவோரியில் நெடிலுக்குத் தனி எழுத்து கிடையாது, குறிலின் தலையில் ஒரு கோடு போட்டால் அது நெடில். அந்தக் கோடு இல்லாமல் நிலையத்தில் ஒரு காகிதம்கூட ஒட்ட முடியாது, ஒரு கோப்புக்குப் பெயர் வைக்க முடியாது. முன்பு ஒருமுறை பேக்கரி விளம்பரத்தில் 'கெகெ' என்று எழுத வேண்டிய இடத்தில் யாரோ இரண்டு கோடு கூடுதலாகப் போட்டு 'கேகே' ஆக்கிவிட்டார்கள். கேக் விற்பனை அக்குள் விற்பனை ஆகிவிட்டது. ஊர் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறது.

அறிவிப்புகள் இருந்த ஃபோல்டரின் பெயர் பானுயி, அறிவிப்பு என்றே அர்த்தம். 'பா'வின் தலையில் கோடு. துக்கச் செய்திகளைப் பதிவு செய்து அதில் வைத்தால், ஒலிபரப்புக் கணினி மணிக்கு ஒருமுறை தானாக எடுத்து ஒலிக்கும். வார நாட்களில் மக்காரெட்டா காலை நிகழ்ச்சியில் நேரிலேயே படிப்பார், பத்து மணிக்கு மேல் விண்டோஸ் கணினியில் பதிவு செய்து வைப்பார். சனி ஞாயிறில் மாற்றம் இருந்தால் பராயிரே மேக்கில் பதிவு செய்து, பழைய கோப்பின் பெயரிலேயே வைப்பான்.

ஜூலை மாதம் அபெராஹாமா செத்துப்போனார். நாற்பது வருடம் ரோமம் கத்தரித்தவர், சுற்றுவட்டாரத்துக் கொட்டகைகளில் பாதிப் பேருக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். ஊர் கூடுகிற பொது இடமான மராயேயின் கூடத்தில் உடலை வைத்திருந்தார்கள். அடக்கம் திங்கட்கிழமை பதினோரு மணிக்கு என்று வெள்ளிக்கிழமை அறிவிப்பு போனது. சனிக்கிழமை மழை எச்சரிக்கை வந்தது. இடுகாட்டுக்குப் போகிற பாதை மண்சரிவு விழும் பாதை, திங்கள்வரை காத்திருந்தால் பெட்டியை மேலே ஏற்ற முடியாது என்று குடும்பத்தார் பேசி, அடக்கத்தை ஞாயிறு காலை பத்து மணிக்கு மாற்றினார்கள். நிலையத்துக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நிலையத்தின் கதவைத் திறந்துகொண்டு டியோபிரா உள்ளே வந்தார். எழுபத்திரண்டு வயது. மங்காஹேரு பள்ளத்தாக்கின் கடைசியில், போன் சிக்னல் எட்டாத இடத்தில் தனியாக இருப்பவர். அபெராஹாமாவுக்குப் பக்கத்து இடத்தில் நின்று நாற்பது வருடம் ரோமம் கத்தரித்தவர். சேற்று பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, சாக்ஸ் காலோடு நின்றார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை.

"எந்த ஊரு கிழம உங்க ரேடியோல ஓடுது?" என்றார்.

அப்போதுதான் நிகழ்ச்சியை முடித்துவிட்டு வெளியே வந்த மக்காரெட்டாவுக்குப் புரியவில்லை. "என்ன சொல்றீங்க அண்ணே? நேத்து உங்கள எல்லாரும் தேடினாங்களே."

"தேடினாங்களா? நான் எங்க போயிட்டேன்? வெள்ளிக்கிழம வந்து அவன்கூட உக்காந்துட்டு, நாயையும் மாட்டையும் பாக்கணும்னு வீட்டுக்குப் போனேன். ரேடியோவ நிறுத்தவே இல்ல. சனிக்கிழம பூரா திங்கக்கிழம பதினோரு மணி. ஞாயித்துக்கிழம விடிஞ்சும் திங்கக்கிழம பதினோரு மணி. கடைசி ராத்திரி அவன்கூட முழிச்சிருக்கலாம்னு நேத்து சாயங்காலம் சட்டைய மாட்டிக்கிட்டு இறங்கி வந்தேன்." அவர் மூச்சு வாங்கினார். "எல்லாரும் தட்டு கழுவிக்கிட்டு இருந்தாங்க. கூடாரத்த மடிச்சுக்கிட்டு இருந்தாங்க. எனக்குன்னு ஒரு தட்டு சோத்த எடுத்து வெச்சு மேல ஃபாயில் மூடியிருந்தாங்க. அத கையில குடுத்தாங்க."

மக்காரெட்டா வெள்ளியிலிருந்து ஞாயிறு மத்தியானம்வரை மராயே சமையலறையிலேயே இருந்தவர், வானொலியைக் கேட்கவே இல்லை. "ராத்திரி எங்க படுத்தீங்க அண்ணே?" என்றார், வேறு என்ன கேட்பதென்று தெரியாமல்.

"வண்டியில." அவர் மடிக்கணினியோடு மேசையில் இருந்த ஹெனியின் பக்கம் திரும்பினார். எட்டு வருடம் அவள் அந்தக் கூட்டத்தோடு கொட்டகை கொட்டகையாகப் போனவள். அவர் கத்தரித்துத் தள்ளிய ரோமத்தை வாரியவள். "இந்தப் பொட்டியெல்லாம் நீதானே பாத்துக்கிற?"

"நான்தான் மாமா."

அவர் வெளியே போய் பூட்ஸை மாட்டிக்கொண்டார். குனிய முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு மாட்டினார். ஹெனி உதவிக்குப் போகவில்லை.

பராயிரேவை வரச்சொன்னார்கள். அரை மணி நேரத்தில் வந்து நின்றான். "நான் போட்டேன் அத்தை. சத்தியமா. சனிக்கிழம பன்னெண்டே கால் இருக்கும். அவங்க சொன்ன உடனே பேசிப் போட்டேன்."

"நீ என்ன செஞ்சே, சரியாச் சொல்லு. எதையாவது மாத்தினியா?" என்றாள் ஹெனி.

"ஒண்ணும் செய்யல அக்கா. எப்பவும் போல."

ஹெனி தன் மடிக்கணினியிலிருந்து சர்வருக்குள் நுழைந்தாள். பானுயி என்று கோட்டோடு தட்டினாள். கோப்பு அங்கே இருந்தது. சனிக்கிழமை, பன்னிரண்டு இருபது. ஓட்டிப் பார்த்தாள். பராயிரேயின் குரல், ஞாயிறு காலை பத்து மணி என்று தெளிவாகச் சொன்னது. எழுந்துபோய் ஒலிபரப்பு அறையில் விண்டோஸ் கணினியில் அதையே ஓட்டினாள். மக்காரெட்டாவின் குரல், திங்கட்கிழமை பதினோரு மணி.

ஒரே சர்வர். ஒரே ஃபோல்டர். ஒரே பெயர். கதவுக்கு இந்தப் பக்கம் ஞாயிறு, அந்தப் பக்கம் திங்கள்.

"இது விண்டோஸ் வேலை," என்றான் பராயிரே. "அத தூக்கி ஆத்துல போடு."

"விண்டோஸ்ல நான் பேசிப் போடுறது தினம் சரியா வருது. உன் மேக்குதான் பவுசு காட்டுது," என்றார் மக்காரெட்டா.

அடுத்த பன்னிரண்டு நாட்கள் ஹெனி பட்ட பாட்டை எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். விண்டோஸ் ஒருமுறை வாசித்ததை நினைவில் வைத்துக்கொண்டு பழையதையே ஓட்டுகிறது என்று முதலில் நினைத்தாள். அந்த நினைவை அழித்தாள். நினைவே வைக்காதே என்று சாம்பாவில் ஒரு வரி சேர்த்தாள். சர்வரை நிறுத்தி எழுப்பினாள். பத்து மணிக்கு மக்காரெட்டா அறிவிப்பைப் பதிவு செய்தார், பத்து ஐந்துக்கு அது சரியாக ஒலித்தது. "பாத்தியா, சரியாயிடுச்சு!" என்று அவர் தோளில் தட்டினார். ஹெனி போய் சர்வரிலிருந்து ஒரு சோதனைக் கோப்பை அதே ஃபோல்டரில் போட்டுப் பார்த்தாள். ஒலிபரப்பு அறைக்கு அது தெரியவே இல்லை.

கடிகாரங்களைச் சரிபார்த்தாள். யாருக்கு எழுத அனுமதி, யாருக்குப் படிக்க அனுமதி என்று வரி வரியாகப் பார்த்தாள். கம்பியை மாற்றினாள். வைரஸ் காவலனை நிறுத்தினாள். ஒவ்வொரு தடவையும் மக்காரெட்டா போட்டால் வரும், அவள் போட்டால் வராது. கணினிக்கு ஆள் பார்த்து வேலை செய்யத் தெரியுமா என்று யாரோ கேட்டபோது அவளுக்குச் சிரிக்க முடியவில்லை, அவளும் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள்.

சாம்பாவைப் பயன்படுத்துகிறவர்களின் மின்னஞ்சல் குழுவுக்கு எழுதினாள். ஜெர்மனியிலிருந்து ஒருவர் உடனே புதிய பதிப்புக்கு மாறச் சொன்னார். பிரேசிலிலிருந்து ஒருவர் புதிய பதிப்பைத் தொடவே வேண்டாம் என்றார். மூன்றாவது ஆள், விண்டோஸை வைத்துக்கொண்டிருப்பதே உன் பிரச்சினை என்று எழுதி, ஒரு சிரிப்புக் குறியும் போட்டிருந்தார். அவள் மடிக்கணினியைப் பட்டென்று மூடினாள். திரும்பத் திறந்து மூவருக்கும் நன்றி எழுதினாள்.

ஊர் சும்மா இருக்குமா? கடையில் ரொட்டி எடுக்கப் போனால், "ஹெனி, இன்னிக்கு என்ன கிழம? உன்கிட்ட கேட்டுட்டா நாளைக்கு வந்துடலாம்," என்பார்கள். கேலி செய்கிறவர்களுக்கு டியோபிராவின் வெள்ளைச் சட்டை தெரியாது. அவளுக்கு அது மட்டும்தான் தெரிந்தது. எண்ணெயில் பொரித்த ரொட்டியும் சர்க்கரைப் பாகும் வாங்கிக்கொண்டு போய், பாதி தின்று, மீதியை மேசையிலேயே காயவிட்டாள்.

பன்னிரண்டாம் நாள் சனிக்கிழமை. அன்று அவளுக்கு வேலை நாள் இல்லை. ஆனாலும் போனாள். பராயிரேயின் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நான் எதையும் கேக்கப் போறதில்ல. வழக்கமா எப்படிப் போடுவியோ அப்படியே போடு. நான் இங்க இல்லன்னு நினைச்சுக்கோ."

"நீ மூச்சு விடுறது காதுல இடி மாதிரி விழுது அக்கா."

"போடுடா."

அவன் கால்பந்து ஆட்ட நேரம் பற்றி ஒரு அறிவிப்பைப் பேசி முடித்து, சர்வரைத் திறந்தான். ஃபோல்டர்கள் வரிசையாக நின்றன. அவன் அம்புக்குறி கீழே இறங்கியது, பானுயியைத் தாண்டியது, அதற்கு அடுத்திருந்த இன்னொரு பானுயியில் நின்றது.

ஹெனி அவன் கையைப் பிடித்தாள். "நில்லு. மேல இருக்கறத ஏன் விட்டே?"

"அது தொறக்காது."

"எது தொறக்காது?"

"அதான், அந்தப் பானுயி. கிளிக் பண்ணினா அப்படி ஒண்ணு இல்லவே இல்லன்னு சொல்லும். நீ ஏப்ரல்ல சர்வர மாத்தினதுலேருந்தே அப்படித்தான். அதான் நான் புதுசா ஒண்ணு போட்டுக்கிட்டேன்."

ஹெனி அவன் கையை விட்டாள். "பராயிரே. ரெண்டு வாரமா நான் உங்கிட்ட என்ன கேட்டுக்கிட்டு இருக்கேன்?"

"எதையாவது மாத்தினியான்னு."

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் மாத்தலன்னு."

"அப்போ இது?"

அவன் முகத்தில் உண்மையான குழப்பம் தெரிந்தது. "இது மாத்தினது இல்லையே அக்கா. இது புதுசா போட்டது."

அவள் எழுந்து கொல்லைப்புறம் போனாள். அங்கே குப்பைத் தொட்டி இருந்தது. அதை ஓர் உதை விட்டாள். இடுப்பு சுளுக்கியது. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே, டியோபிரா தட்டோடு நின்ற மராயே இருக்கும் திசையைப் பார்த்து, தனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளை மெதுவாகச் சொல்லி முடித்தாள். பராயிரே கதவைக் கொஞ்சமாகத் திறந்து, "டீ போடட்டுமா?" என்று கேட்டான். பதில் வராததால் மூடிக்கொண்டான்.

அவன்மேல் வந்த கோபம் முக்கால் மணி நேரம்தான் நீடித்தது. ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் எப்படி இருக்க முடியும் என்று பார்க்க, அந்த இரண்டு பெயர்களையும் எழுத்தாக இல்லாமல், கணினி உள்ளே வைத்திருக்கிற எண்களாக எடுத்துப் போட்டாள். முதல் பானுயி ஏழு எண்கள். இரண்டாவது ஆறு.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். 'கொ' என்பதை ஒரே எழுத்துக் குறியாகவும் வைக்கலாம், கொம்பு தனியாகக் கால் தனியாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இங்கேயும் அப்படித்தான். ஆறு எண் உள்ளதில் கோடு போட்ட 'ஆ' ஒற்றை எழுத்தாக இருந்தது. ஏழு எண் உள்ளதில் வெறும் 'அ'வும், அதன் தலையில் தனியாக வந்து உட்காரும் ஒரு கோடும் இருந்தன. பழைய மேக் வட்டு இப்படிப் பிரித்துத்தான் பெயர்களை வைத்திருந்தது. ஏப்ரலில் ஹெனி அந்த வட்டிலிருந்து சர்வருக்கு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் நகலெடுத்தபோது அந்தப் பிரிந்த கோடுகளும் அப்படியே வந்துவிட்டன. நகலெடுக்கிற கட்டளையில் ஒரு சொல் சேர்த்திருந்தால் அது வழியிலேயே ஒட்ட வைத்திருக்கும். அந்தச் சொல்லை அவள் சேர்க்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

ஒலிபரப்புக் கணினி பழைய ஃபோல்டரையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. மக்காரெட்டாவும் அதிலேயே வைத்தார். பராயிரே சாம்பா வழியாகக் கேட்டபோது அவன் மேக் ஒட்டிய எழுத்தில் கேட்டது. சர்வரில் அப்போது அப்படி ஒன்று இல்லை, அதனால் இல்லை என்ற பதில் வந்தது. அவன் புதிதாகப் போட்டான். ஹெனி தன் விசைப்பலகையில் தட்டிய கோடும் ஒட்டிய கோடு. பன்னிரண்டு நாளும் பராயிரேயின் ஃபோல்டருக்குள் நின்றுகொண்டு, எல்லாம் சரியாக இருக்கிறதே, விண்டோஸுக்குக் கண் தெரியவில்லையா என்று அவள் சாம்பாவோடும் விண்டோஸோடும் சண்டை போட்டிருக்கிறாள். சர்வரில் மொத்தப் பட்டியலை ஒரே ஒருமுறை போட்டுப் பார்த்திருந்தாலும் இரண்டு பானுயி கண்ணில் பட்டிருக்கும். பெயர்தான் தெரியுமே என்று நேராக அதற்குள்ளேயே போயிருந்தாள்.

திங்கட்கிழமை மக்காரெட்டாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பாதி சொல்வதற்குள் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒரு கோட்டாலயா?"

"கோட்டால இல்ல அத்தை. அத ரெண்டு விதமா..."

"ஒரு கோட்டால அந்த மனுஷன் வண்டியில படுத்துக் கெடந்தாரு." மக்காரெட்டா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "சரி. இனிமே ஃபைல் பேருல கோடு வேண்டாம். எல்லாத்துலேருந்தும் எடுத்துடு."

ஹெனிக்குக் காதை நம்ப முடியவில்லை. "நீங்களா சொல்றீங்க? கோடு விட்டுப்போச்சுன்னு என் லீவு லெட்டரத் திருப்பி அனுப்பினவங்க நீங்க."

"லெட்டர மனுஷன் படிக்கிறான்டி. ஃபைல் பேர யாரு படிக்கிறா?"

"நான் படிக்கிறேன். பராயிரே படிக்கிறான். கேக் விளம்பரத்தத் தேடினா அக்குள் விளம்பரம் வரட்டுமா? கோடு தப்பே செய்யல அத்தை. தப்பு என்னோடது. நான் சரி பண்ணித் தர்றேன். பத்து நாள் குடுங்க."

"பத்து நாள்ல இன்னொருத்தர் செத்தா?"

வாதம் அங்கே நின்றது. யாரும் ஜெயிக்கவில்லை.

பெயர்களை ஒட்டிய எழுத்துக்கு மாற்றித் தர ஒரு சின்ன இலவச நிரல் இருந்தது. முதலில் எதையும் தொடாமல், என்ன மாறும் என்று மட்டும் சொல்லச் சொன்னாள். பதினோராயிரத்துச் சொச்சம் பெயர்கள் என்றது. அதில் நாற்பத்து மூன்று இடத்தில் மாற்றினால் ஒன்றின் தலையில் ஒன்று ஏறிவிடும். பராயிரே பானுயியை மட்டும் புதிதாகப் போடவில்லை, திறக்காத ஒவ்வொன்றுக்கும் இன்னொன்று போட்டிருந்தான். "நாப்பத்து மூணாடா?" என்று கேட்டதற்கு, "தொறக்கலைன்னா என்ன பண்றது?" என்றான். அந்த நாற்பத்து மூன்றையும் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கேட்டு, எது புதிது எது பழையது என்று பிரித்தார்கள். நான்கு நாள் ஆனது. ஒரு பாட்டு நிகழ்ச்சியில் சென்ற மாதம் முழுவதும் பழைய பேட்டியே போயிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. அதைப் பற்றி நேயர்கள் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பராயிரே இரண்டு நாள் அதற்காகவே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

மாற்றி முடித்தாள். மூன்று கணினிகளிலும் ஒரே பட்டியல் வந்தது. பிரிந்த கோட்டோடு எந்தப் பெயர் உள்ளே வந்தாலும் பிடித்துச் சொல்கிற ஒரு காவல் நிரலும் எழுதி வைத்தாள். மக்காரெட்டா வந்து பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார். அப்படியே துக்க அறிவிப்பு ஃபோல்டரின் பெயரை மட்டும் மாற்றச் சொன்னார்.

"எதுக்கு? அதான் சரியாயிடுச்சே."

"எனக்குத் தூக்கம் வரணும்."

"என்ன பேரு வைக்கட்டும்?"

"ஒண்ணு."

வைகாஹு வானொலியின் சர்வரில் இன்றைக்கும் மற்ற எல்லா ஃபோல்டர்களும் முறையான மவோரியில், தலையில் கோட்டோடு இருக்கின்றன. அவற்றுக்கு மேலே வெறும் 1 என்று ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் ஹெனிக்குப் பல்லில் மணல் கடிபட்டது போல இருக்கும்.

வேலை முடிந்த வார வியாழக்கிழமை அவள் மங்காஹேருவுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். மண் சரிந்த இரண்டு இடத்தில் இறங்கிக் கல்லை நகர்த்த வேண்டியிருந்தது. டியோபிரா வீட்டுக்கு மேலே சரிவில் வேலி கட்டிக்கொண்டிருந்தார். நாய்கள் குரைத்து ஓய்ந்தன. அவர் கம்பியை விடவில்லை. அவள் நின்றுகொண்டே சொன்னாள். ஒரே மாதிரித் தெரிகிற இரண்டு பெயர், பராயிரே சரியாகத்தான் பேசிப் போட்டான், அது வேறு இடத்தில் போய் விழுந்தது, அப்படி விழும்படி ஏப்ரலில் நகலெடுத்தது தான்தான், மூன்று மாதம் அதைப் பார்க்காமல் விட்டதும் தான்தான்.

அவர் கடைசிவரை கேட்டார்.

"கொட்டகையிலயும் நீ இப்படித்தான்," என்றார். "தப்பு வந்தா மொதல்ல கைய தூக்குவ. ஆனா தப்பு வர்றது மட்டும் நின்னதே இல்ல."

"ஆமா மாமா."

"நான் இப்போ கிஸ்பர்ன் ஸ்டேஷன்தான் கேக்கறேன். பாட்டு நல்லால்ல. ஆனா அவங்க எனக்குத் தெரிஞ்ச யாரோட சாவையும் சொல்றதில்ல."

அவள் தலையை ஆட்டினாள். மன்னிப்பு வாங்கிவிடலாம் என்று நினைத்து வந்தாளோ என்னவோ, அது அங்கே கிடைப்பதாக இல்லை. வண்டியை நோக்கித் திரும்பினாள்.

"ஹெனி."

நின்றாள்.

"அவன் பேசினது, அந்தச் சனிக்கிழம பேசினது. அத அழிச்சிட்டீங்களா?"

அழிக்கவில்லை. முதல் நாளே அவள் அதைத் தன் மடிக்கணினியில் இழுத்துப் போட்டிருந்தாள். வண்டியிலிருந்து எடுத்துவந்து கம்பத்தின்மேல் வைத்து ஓட்டினாள். காற்று வீசிக்கொண்டிருந்ததால் டியோபிரா தொப்பியைக் கழற்றிவிட்டு, காதைப் பக்கத்தில் கொண்டுவந்தார். பராயிரே தன் வழக்கமான கேலிக் குரலை விட்டு, அடங்கிய குரலில், அபெராஹாமாவின் முழுப் பெயரையும் அவர் தகப்பன் பெயரையும் சொல்லி, மழையின் காரணமாக ஞாயிறு காலை பத்து மணிக்கு என்று சொன்னான். பள்ளத்தாக்குகளில் இருப்பவர்கள் சனி இரவே கிளம்பிவிடுங்கள், பாதை மோசமாகலாம் என்று ஒரு வரி கூடுதலாகவும் சொல்லியிருந்தான்.

"இன்னொரு தடவ போடு," என்றார்.

போட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"நல்லாத்தான் சொல்லியிருக்கான்."

அவள் மடிக்கணினியை மூடி வண்டியில் வைத்தாள். திரும்பி வந்தபோது அவர் கம்பியின் ஒரு முனையை அவள் பக்கம் நீட்டினார்.

"இத இறுக்கிப் பிடி. இடுப்ப வளைக்காத, முட்டிய மடக்கு."

மழை திரும்ப வருவதற்குள் இன்னும் ஆறு கம்பம் பாக்கி இருந்தது. அவள் பிடித்துக்கொண்டாள்.